திறந்த காருக்கு விலை சொன்னது

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பதுதான் நான் பார்த்த தொழில். எண்பதுகளின் நடுவில் அதற்கான லைசென்ஸ் வாங்கினேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கே லாரி கவிழ்ந்தாலும் ஸ்கூட்டரில் போய்விடுவேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நசுங்கிக் கிடக்கும் வண்டியை நோட்டும் டார்ச்சுமாகச் சுற்றி வந்து, எந்தப் பாகம் போயிற்று, எது தட்டி நிமிர்த்தினால் சரியாகும் என்று குறித்துக்கொள்வேன். என்னிடம் ஒரு தேய்மானப் பட்டியல் இருந்தது. இத்தனை வருடம் ஓடிய வண்டிக்கு இவ்வளவு கழிவு என்று அது சொல்லும். அந்தப் பட்டியலின்படி ஒரு வண்டிக்கு வயதாக ஆக மதிப்பு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பழைய இரும்புக்கடை விலையில் போய் நிற்கும். என்னைவிட வயதான வண்டிக்கு விலை ஏறவும் கூடும் என்பதை நான் யோசித்ததே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதக் காலையில், அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவரை எனக்குத் தெரியும். நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்த அம்மா, ஐம்பது வயதிருக்கும். கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, வேனில் ஊர் ஊராக அனுப்புகிறவர். முந்தைய வருடம் அவருடைய மீன் வேன் மேடவாக்கம் அருகே கவிழ்ந்தபோது நான்தான் போய்ப் பார்த்தேன். டயர்கள் விபத்துக்கு முன்பே வழுக்கையாகியிருந்தன என்று எழுதி, அவற்றுக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் என்னோடு சண்டை போட்டார். பிறகு டயரைத் தானே ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், சேலையூர்ல ஒரு காரு கீது. மேல தொறந்துக்கிற காரு. பழைய காலத்து வெள்ளக்கார வண்டி, புதுசு மாதிரி பண்ணி வச்சிருக்காரு. அதுக்கு இன்னா வெல குடுக்கலாம்னு நீ சொல்லணும்."

"அந்த மாதிரி வண்டி நான் பார்த்ததே இல்லையேம்மா. எனக்குத் தெரிஞ்சது லாரியும் வேனும்."

"அவரு ஒண்ணேகால் லட்சம்ன்றாரு. நான் அம்பத்தஞ்சுன்றேன். அப்புறம் நான்தான் சொன்னேன், எனக்கு ஒருத்தரத் தெரியும், அவரு வாயில இன்னா வருதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படலாம்னு. அவரும் சரின்ட்டாரு."

"நான் இன்னும் ஒத்துக்கலையே."

"இப்போ ஒத்துக்கோ. நீ அன்னிக்கு என் டயருக்கு காசு குடுக்கல இல்ல, அதான் உன்னாண்ட வந்தேன்."

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். மீன் வியாபாரத்துக்கு எதற்குத் திறந்த கார் என்று கேட்டது அவள்தான். அந்த அம்மா காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

வைகாசியில் அவருடைய சின்ன மகளுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலம் போக, சிட்டியில் கல்யாணத்துக்குத் திறந்த கார் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் முன்பணம் கொடுத்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தது. ஆனால் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. குப்பத்துக்குள் போகக் கூடாது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருப்பதாக டிரைவர் சொன்னான்.

"சீட்டுல மீன் நாத்தம் புட்ச்சிக்குமாம். பொண்ணும் மாப்ளையும் தார் ரோடு வரைக்கும் நடந்து வரட்டும், இங்கேர்ந்து ஏறிக்கட்டும்னான். நான் திருப்பி அனுப்பிட்டேன். எங்க மீனு வண்டிலயே வாழமரம் கட்டி, பூ சுத்தி, அதுல நிக்க வச்சி கூட்டிகினு போனோம். எம்பொண்ணு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா பரவால்ல. சொல்லாததுதான் எனக்குப் பேஜாரா கீது."

ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் தனக்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும், கடலோரத்துக் குப்பங்கள் எல்லாவற்றுக்கும் அதை வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நான் ஒத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்காக ஒத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அந்த வண்டிக்கு எப்படி விலை கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. என் பட்டியலில் இல்லாத ஒன்று அது.

சேலையூர்க்காரர் அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது மூன்று நகர்கள் இருந்தன. நிலத்தை மனை மனையாக விற்ற பணத்தில் மாடி வீடு கட்டி, முன்பக்கம் கடைகளை வாடகைக்கு விட்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்றேன், அவர் என்னை சார் என்றார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டி நின்றது. மேலே போட்டிருந்த போர்வையை, தூங்குகிறவரை எழுப்பாமல் எடுப்பதுபோல மெதுவாக எடுத்தார்.

சின்ன வண்டிதான். இரண்டே கதவு. உருண்ட மூக்கு, உருண்ட விளக்குகள், கிரீம் நிறத்தில் உடல், இடுப்பில் ஒரு மெரூன் கோடு. சீட்டுகளுக்குப் பல்லாவரத்துத் தோல், தையல் கோணாமல் ஓடியது. கூரைத் துணியை அவர் ஒரு கையால் இழுக்க, மடங்கியிருந்த சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்து முன்கண்ணாடியின் மேல் உட்கார்ந்தன. நான் என்னை மறந்து, இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னேன். அவர் மூன்று முறை செய்து காட்டினார்.

ஒரு கல்லூரி ஆசிரியர் வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டில் மகனிடம் போனபோது, வேப்பமரத்தடியில் கிடந்த அதை இவர் வாங்கினார். பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு எட்டு வருடம். ஒரு கதவுக் கைப்பிடிக்காகக் கோயம்புத்தூர் வரை போயிருக்கிறார். விளக்கு வளையம் ஒன்று பெங்களூரில் கிடைத்ததாம்.

"இவ்வளவு பண்ணிட்டு ஏன் அண்ணா விக்கறீங்க?"

"முடிஞ்சு போச்சு சார்" என்றார். "இனிமே இதுல செய்ய ஒண்ணும் பாக்கி இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல வண்டலூர் வரைக்கும் போய்ட்டு வருவேன். வந்து துடைச்சு மூடி வெப்பேன். அவ்ளோதான். வேலை இருந்த வரைக்கும் தெனமும் இது ஞாபகமாவே இருப்பேன். இப்போ நாலு நாள் பாக்காம கூட இருந்துடறேன்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். சிட்டியில் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர், வண்டி அசலாகவே திறந்த வண்டி என்றால் ஒரு லட்சம் தருவதாகக் கடிதம் போட்டிருந்தார். இன்னும் பத்து நாளில் பார்க்க வருவார். "நீங்க என்ன சொல்றீங்களோ அதை மொதல்ல கேட்டுக்கறேன். வாக்கு குடுத்துட்டேன்."

ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். தகரத்தின்மேல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். பள்ளம் மறைக்கப் பட்டி கனமாகப் பூசியிருந்தால் நழுவும். வண்டியைச் சுற்றி அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் மட்டும் லேசாக நழுவியது. இந்த வயதுக்கு அது ஒன்றுமே இல்லை. அடுத்து கதவுகள். திறந்த வண்டிக்கு மேலே பிடித்துக்கொள்ளக் கூரை இல்லை, கீழே இருக்கும் சட்டம்தான் எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும். அது பலவீனமாக இருந்தால் வண்டி நடுவில் தொய்யும், கதவு சிக்கும். பின்பக்கம் ஒரு மூலையில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, கதவைத் திறந்து மூடினேன். சிக்கவில்லை. ஆனால் கதவுக்கும் உடலுக்கும் இடையே இருந்த இடைவெளி மேலே கொஞ்சம் குறுகியது.

அது ஏன் என்று பார்க்கத்தான் தரையில் படுத்துக்கொண்டு அடியில் டார்ச் அடித்தேன். இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஆங்கிள் இரும்பு வைத்து வெல்டிங்கில் பற்ற வைத்திருந்தது. கனமான இரும்பு. கம்பெனியில் இப்படிச் செய்ய மாட்டார்கள். எழுந்து உள்ளே உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் தோல் உறை முடிகிற இடத்தில் விரலை விட்டுத் தடவினேன். உறைக்கு அடியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு குட்டைத் தூண் தட்டுப்பட்டது. மேல் முனை வெட்டி, தேய்த்து, வழவழப்பாக்கியிருந்தது. தூண் என்றால் ஒரு காலத்தில் அதன் மேல் ஏதோ நின்றிருக்க வேண்டும்.

அவர் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, பரீட்சைத் தாளைத் திருத்துகிறவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நிச்சயமாகத் தெரியாமல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வண்டிக்குத் தகர வேலை பார்த்தவர் பல்லாவரத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை, சந்தை நாள். பழைய மின்விசிறிகளும் நாய்க்குட்டிகளும் செடிகளும் விற்கிற கூட்டத்துக்குள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், ரயில் பாதைப் பக்கம் இருந்த அவருடைய ஷெட்டைக் கண்டுபிடித்தேன். நெற்றியில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு, நேராகக் கேட்டேன்.

"சேலையூர் கிரீம் வண்டி. அது பொறந்ததே திறந்த வண்டியாத்தானா?"

தட்டுவதை நிறுத்தினார். "இல்ல சார். கூரை இருந்த வண்டி. யாரோ அறுத்துகீறாங்க. நான் அறுக்கல. என்னாண்ட வரும்போதே முப்பது வருஷம் முன்னாடி அறுத்தது. ஆனா அறுத்தவன் கை தெரிஞ்சவன் சார். கூரைச் சட்டமெல்லாம் எவ்ளோ கரெக்டா மடங்குது பாத்தீங்களா? அத அவனே செஞ்சிருக்கான். கம்பெனி சாமான் ஒண்ணு கூட இல்ல."

"அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார். "அதுவும் இல்லாம, வாரம் ரெண்டு தரம் வந்து இங்க அந்த ஸ்டூல்ல உக்காந்துகினு, இது இங்கிலாந்துலேர்ந்து இப்படியே கப்பல்ல வந்துதுன்னு சொல்லிகினு இருப்பாரு. அப்போ போய் எப்படி சார் சொல்றது?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்த அறுத்த மனிதனைப் பற்றியே யோசனை. ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ, நல்ல வண்டி ஒன்றின் கூரையில் ரம்பத்தை வைக்க ஒருவனுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? அவனுக்கும் ஏதாவது ஒரு கல்யாணம் இருந்ததா, காற்று வேண்டும் என்று தோன்றியதா? தெரிந்துகொள்ள வழியில்லை.

சனிக்கிழமை சேலையூருக்குப் போனேன். அவர் மனைவி தட்டில் பிஸ்கட் வைத்துக் கொடுத்தார். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். சேலையூர்க்காரர் நம்பவில்லை. கோபப்படவும் இல்லை.

"காட்டுங்க" என்றார்.

தோல் உறையின் ஓரத்தை அவரே பிரித்தார். டார்ச் அடித்தேன். அந்தக் குட்டைத் தூணின் தலையில் விரலை வைத்து வட்டமாகத் தடவினார். மறுபக்கமும் போய்ப் பிரித்துப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. வண்டியின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். மேலே ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் ஒன்று இரண்டு முறை வட்டமடித்துவிட்டுப் போனது.

"இந்த உறையை நானே ரெண்டு தரம் மாத்தியிருக்கேன் சார். அப்போ இந்தக் கட்டையப் பாத்திருக்கேன். இது எதுக்குன்னு யோசிச்சதே இல்ல."

"யோசிக்கணும்னு அவசியம் இல்லையே அண்ணா."

"யோசிக்கப் பிடிக்கல" என்றார். பிறகு, "அந்த சிட்டிக்காரர் வந்தா நீங்க என்ன சொல்வீங்க?" என்றார்.

"அவர் என்னைக் கேக்கலையே. நீங்கதான் சொல்லணும்."

அவர் தலையை ஆட்டினார். நாலு நாள் கழித்து அவரே ஒரு கடையிலிருந்து எனக்கு போன் செய்தார். வண்டி பிறகு திறக்கப்பட்டது என்று சிட்டிக்காரருக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பதில் வரவில்லை. வரவே இல்லை.

இனி அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். சேலையூர்க் கொட்டகைக்கே அவரை வரச் சொல்லி, இருவர் முன்னாலும் சொன்னேன். வண்டி அறுத்தது, கம்பெனி திறந்த வண்டி இல்லை, சேர்த்து வைக்கிறவர்களுக்கு இதன் மதிப்பு பாதிக்கும் கீழே என்று.

"யாரு அறுத்தா இன்னா?" என்றார் அவர். "மழ வந்தா மூடுதா?"

"மூடுது."

"ரெண்டு பேரு நின்னுகினு வந்தா தாங்குமா?"

"கீழ கனமான ஆங்கிள் போட்டிருக்கு. கம்பெனி வண்டியைவிட நல்லாவே தாங்கும்."

"அப்போ எனக்கு இதான் நல்ல வண்டி" என்றார். "ஆனா அறுத்த வண்டின்னா அம்பதுதான்."

சேலையூர்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக அவர் சிரிக்கவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா கேட்டதுதான் எனக்குத் தோன்றாத ஒன்று. வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று எல்லாரும் கேட்பார்கள். அவர், எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்டார். ஊர்வலம் என்றால் முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கு முன்னால் ஆடுகிறவர்கள். ஆடுகிறவர்கள் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். அப்படி ஒன்றரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொன்னார். சேலையூர்க்காரர் என்னைப் பார்த்தார். அவர் அந்த வண்டியை ஒரு நாளும் அப்படி ஓட்டியதில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் பெண் மாப்பிள்ளைக்குப் பதில் இரண்டு அரிசி மூட்டை. அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். பேண்டுக்காரர்கள் நடக்கிற நடை அது என்று சொன்னார். அவ்வப்போது நின்றார், நாங்களும் நின்றோம். ராஜகீழ்ப்பாக்கம் போகிற ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். பளபளக்கும் திறந்த கார், உள்ளே அரிசி மூட்டை, முன்னால் குடை பிடித்து ஓர் அம்மா. என்ன விசேஷம் என்று ஒருவர் சைக்கிளில் கூடவே வந்து கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முள் பாதியைத் தாண்டிவிட்டது.

நாற்பதாவது நிமிடத்தில் கிளட்ச் கருகும் வாசனை வந்தது. ஒரு டீக்கடைக்கு எதிரில் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்ப, அவர் என்ஜினை நிறுத்தினார். அவருடைய காது மடல்கள் சிவந்துவிட்டன. இறங்கி பானெட்டைத் தூக்கிவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து மூன்று டீ சொன்னார். முகத்தில் ஏமாற்றம் இல்லை.

"அண்ணா, வந்து டீ குடி. மொத ஊர்வலத்துல நின்னுருந்தா இன்னா ஆயிருக்கும்? இப்போ தெரிஞ்சுது இல்ல. இத சரி பண்ணலாமா, ஆகாதா, அத மட்டும் சொல்லு."

"பண்ணலாம்" என்றார் அவர். டீயை வாங்கிக்கொண்டு யோசித்தார். "ரேடியேட்டர் பெருசா மாத்தணும். டீசல் வேனோடது உள்ள உக்காருமான்னு அளந்து பாக்கணும். காத்தாடிக்கு எலை கூட்டணும். கிளட்ச் தட்டும் வேற போடணும்."

பேசப் பேச அவர் குரல் மாறியது. டீக்கடைப் பெஞ்சில் விரலால் அளவு போட்டுக் காட்டினார். எட்டு வருடம் அந்த வண்டியோடு அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை அப்போதுதான் நான் பார்த்தேன். அவருக்கு மறுபடியும் வேலை கிடைத்துவிட்டது.

அந்த வேலைக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஆடி மாதம், எங்கும் கல்யாணம் இல்லை, அவசரமும் இல்லை. நான் அந்த நாட்களில் விலையைப் பற்றியே யோசித்தேன். என் தேய்மானப் பட்டியலின்படி வண்டி வெறும் இரும்பு. இதேபோல் ஒன்றை மறுபடி செய்ய என்ன ஆகும் என்று கேட்டால், அவர் கேட்ட ஒண்ணேகால் லட்சத்துக்கும் மேலே போகும். சேர்த்து வைக்கிறவருக்கு அது அறுத்த வண்டி. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. நியாயமான விலை எதுவென்றால், இந்த இரண்டு பேருக்கு இடையில், இந்த வேலைக்கு, இந்த வண்டி என்ன தகும் என்பதுதான் என்று பட்டது. வருடத்தில் எத்தனை முகூர்த்தம் கிடைக்கும், ஒரு ஊர்வலத்துக்கு என்ன வாடகை நிற்கும், பெட்ரோலும் டிரைவரும் போக என்ன மிஞ்சும் என்று மூன்று கல்யாண மண்டபங்களில் விசாரித்தேன். நாலு வருடத்தில் முதல் திரும்பினால் அந்த அம்மாவுக்கு நஷ்டமில்லை. சேலையூர்க்காரர் செலவழித்த பணத்துக்கும் கிட்டத்தட்ட அது ஈடாகும். அவர் எட்டு வருடம் உழைத்ததற்கு நான் விலை போடவில்லை. அதை அவர் அனுபவித்தாகிவிட்டது.

இரண்டாவது ஓட்டத்தில் அரிசி மூட்டைகள் ஒன்றரை மணி நேரம் ஊர்வலம் போயின. முள் நடுவிலேயே நின்றது. கொட்டகைக்குத் திரும்பியதும் என் ரிப்போர்ட்டை எடுத்து இருவரிடமும் ஆளுக்கொன்று கொடுத்தேன். எழுபத்திரண்டாயிரம்.

சேலையூர்க்காரர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். 'கூரையுடன் தயாரிக்கப்பட்டு, பின்னர் திறமையாகத் திறக்கப்பட்ட வண்டி' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "திறமையான்னு போட்டிருக்கீங்க" என்றார். ஆமாம் என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எண்ணை மட்டும் பார்த்தார். "எழுவது" என்றார்.

"என் வாயில வர்றதுக்குக் கட்டுப்படறேன்னு சொன்னீங்களே."

"கட்டுப்படறேன்னுதான் சொன்னேன். கொறைக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன்னு சொல்லல."

நான் குறைக்கவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. மறுநாள் முழுப் பணத்தையும் கொண்டுவந்து சேலையூர்க்காரர் மனைவி கையில் கொடுத்தார்.

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. மீன் வேன் ஓட்டுகிறவருக்கு அந்த வண்டி பழகவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் பல் கடிப்பதுபோலச் சத்தம் வந்தது. முதல் ஊர்வலத்துக்கு மட்டும் நான் ஓட்டித் தருகிறேன் என்று சேலையூர்க்காரர் சொன்னார். குப்பத்துக் கல்யாணத்துக்கு டிரைவர் வேலையா என்று அவருடைய பங்காளி வீட்டில் யாரோ முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "கடல் மணல் வரைக்கும் கொண்டு போனேன் சார். அதுக்கு மேல சக்கரம் பதியும்னு நிறுத்திட்டேன். பொண்ணு எறங்க மாட்டேன்னுட்டா. இன்னொரு ரவுண்டு போங்கன்னா. போனேன்." அந்த முதல் ஊர்வலம் என்றது பிறகு அந்த ஆவணி முழுவதும் ஆயிற்று. ஐப்பசிக்கும் அவர்தான் ஓட்டினார்.

அடுத்த வருடம் தை மாதத்தில் குரோம்பேட்டையில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மண்டப வாசலில் ஜரிகை மாலைகளோடு அந்த கிரீம் வண்டி நின்றிருந்தது. குப்பத்து அம்மாவின் கார் இப்போது குரோம்பேட்டை வரை வருகிறது. சீட்டை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். வாழ்த்து ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சார், இடது கதவு பக்கம் ரெண்டு நாளா ஒரு கீச்சுச் சத்தம். ஆங்கிள்ல பத்த வச்சது விட்டிருக்குமோன்னு சந்தேகம். கொஞ்சம் பாக்கறீங்களா?"

மாப்பிள்ளை வந்துசேர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய நியூஸ்பேப்பரைத் தரையில் விரித்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். என் மனைவி மண்டப வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் டார்ச்சை நீட்டினார்.

"இருக்கு அண்ணா" என்றேன் அடியிலிருந்து. "அரை அங்குலம் விட்டிருக்கு. இன்னிக்குத் தாங்கும். வெள்ளிக்கிழமை பல்லாவரத்துக்குக் கொண்டு போயிடுங்க, நானும் வரேன்."